ஒன்பது அங்குலச் சட்டமும் புத்தகப் பை அருவாளும்

விழுப்புரம் மாவட்டத்துப் பிரம்மதேசத்தில் ஏதாவது ஒரு வீட்டு இறவாணத்தில் செருகியிருக்கும் அருவாளை உருவி, இந்திய ஆயுதச் சட்டத்தின் முன் வைத்துப் பாருங்கள். சட்டம் அதை ஆயுதமென்று ஒப்புக்கொள்ளாது. 1959-ஆம் ஆண்டுச் சட்டம் கூர்மையான, உயிரைப் பறிக்கக்கூடிய கருவிகள் எல்லாவற்றையும் ஆயுதம் என்ற பட்டியலுக்குள் இழுத்துக்கொண்டு, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்யப்பட்டவற்றை வெளியே விட்டுவிடுகிறது. அந்தச் சட்டத்தின் கீழ் 2016-இல் வந்த விதிகள் வாள், குத்துவாள், ஈட்டி, கத்தி முதலியவற்றை ஒரு வகையாக்கி, ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு என்று அளவும் சொல்கின்றன. வீடு, விவசாயம், தொழில், அறிவியல் ஆகியவற்றுக்கான கருவிகளுக்கு அங்கேயும் விலக்கு உண்டு.

விலக்கில் தவறில்லை. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் வரை தர்பூசணியும் மல்லாட்டையும் சவுக்கும் விளைகிற பூமி இது. விக்கிரவாண்டிப் பக்கம் பனை ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே அருவாளுக்கு உரிமம் கேட்டால் அறுவடை நின்றுபோகும். சட்டம் எழுதியவர்களுக்கு அது தெரிந்திருந்தது. அதே அருவாள் ஒரு பத்தாம் வகுப்புப் பையனின் பைக்குள், கணக்கு நோட்டுக்கும் டிபன் பாக்ஸுக்கும் நடுவே இருந்தால் என்ன செய்வது? அதற்கு இந்தச் சட்டத்தில் பதில் இல்லை. பொருளைப் பார்த்துக் குற்றம் சொல்லும் சட்டம், பொருள் இருக்கும் இடத்தைப் பார்ப்பதில்லை.

இடத்தைப் பார்க்கும் ஒரு பிரிவு இருக்கத்தான் செய்கிறது. துப்பாக்கியல்லாத ஆயுதங்களையும் ஒரு பகுதியில் கட்டுப்படுத்தவேண்டும் என்று அரசு கருதினால், நான்காம் பிரிவின்படி அரசிதழில் அறிவிக்கை வெளியிடலாம். அப்படி 1980-இல் டெல்லியில் ஓர் அறிவிக்கை வந்தது. 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் தாண்டிய பட்டன் கத்திகளைக் குறிவைத்தது அது. அதன் பிறகு டெல்லி நீதிமன்றங்களில் கத்தியை அளவுகோல் வைத்து அளந்ததா இல்லையா என்பதே பல வழக்குகளின் வாதமாகிவிட்டது. அளவைச் சுற்றிக் கட்டும் சட்டம் கடைசியில் அளவிலேயே சிக்கிக்கொள்ளும்.

துப்பாக்கி விஷயத்தில் நம் சட்டம் தெளிவானது. 21 வயது நிரம்பாதவர் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. 1962 விதிகளின் கீழ் கொடுக்கப்பட்ட உரிமத்திலேயே, மாவட்ட ஆட்சியரின் தனி அனுமதி இல்லாமல் கல்வி நிறுவன வளாகத்துக்குள் ஆயுதத்தைக் கொண்டுபோகக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2016 ஆகஸ்ட் 1 முதல், உரிமம் உள்ளவர் அரசுப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துவரலாம் என்று சட்டம் அமலானது. ஆஸ்டின் பல்கலைக்கழகக் கோபுரத்தில் நின்று ஒருவன் கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்ட நாளின் சரியான ஐம்பதாவது ஆண்டு நிறைவு அது. அந்த விவாதம் நமக்கு வேண்டாம். நம் கதை கத்தி, அருவாள், பட்டாக்கத்தி ஆகியவற்றின் கதை. அமெரிக்காவிடமிருந்து கற்கவேண்டியது வேறொன்று இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் மாணவர் உலகத்தோடு ஆயுதம் சேர்ந்து, மாநிலமே பேசிய ஏழு நிகழ்வுகளை எடுத்துக்கொள்வோம். 2008 நவம்பர் 12, சென்னை அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி: கத்தியும் கம்பியும் கட்டையுமாக மாணவர்கள் மோதியதைப் போலீசார் நின்று பார்த்துக்கொண்டிருந்ததைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. 2012 பிப்ரவரி 9, சென்னை பாரிமுனைப் பக்கத்துப் பள்ளியொன்று: ஒன்பதாம் வகுப்பு மாணவன் வகுப்பறையிலேயே ஆசிரியையைக் குத்திக் கொன்றான். 2019 ஜூலை 23, அரும்பாக்கம்: ஓடும் மாநகரப் பேருந்தில் 'ரூட்டு தல' (ஒரு பேருந்து வழித்தடத்து மாணவர்களின் தலைவன்) சண்டையில் பட்டாக்கத்தி வெட்டு. 2023 ஆகஸ்ட் 9, நாங்குநேரி: பட்டியல் சாதி மாணவர் ஒருவரை அவர் வீட்டுக்கே வந்து சக மாணவர்கள் வெட்டினார்கள், தடுத்த தங்கைக்கும் வெட்டு. 2024 நவம்பர் 20, தஞ்சை மல்லிப்பட்டினம்: அரசுப் பள்ளிக்குள் நுழைந்த வெளியாள் ஆசிரியையைக் குத்திக் கொன்றான். 2025 மார்ச் 10, ஸ்ரீவைகுண்டம் வட்டாரம்: தேர்வெழுதப் போய்க்கொண்டிருந்த பதினொன்றாம் வகுப்பு மாணவரைப் பேருந்தை மறித்து வெட்டியதில் விரல்கள் துண்டாயின. 2025 ஏப்ரல் 15, பாளையங்கோட்டை: எட்டாம் வகுப்பு மாணவன் பையில் கொண்டுவந்த அருவாளால் வகுப்புத் தோழனை வெட்டினான், தடுக்கப்போன ஆசிரியைக்கும் காயம்.

ஒவ்வொரு சம்பவத்துக்கும் மறுநாள் கேட்ட கோரிக்கை கிட்டத்தட்ட ஒன்றே: பையைச் சோதியுங்கள், வாசலில் மெட்டல் டிடெக்டர் வையுங்கள், போலீசை நிறுத்துங்கள். இந்த ஏழில் வாசல் சோதனை தடுத்திருக்கக்கூடியவை எத்தனை? பாரிமுனை, பாளையங்கோட்டை, ஒருவேளை மல்லிப்பட்டினம். சட்டக் கல்லூரி வாசலில் போலீஸ் நின்றிருந்தது, அதனால் பயனில்லை. மீதி மூன்றில் ஒன்று வீட்டில் நடந்தது, இரண்டு பேருந்தில். ஏழுக்கு மூன்று என்பது அலட்சியப்படுத்தும் எண்ணிக்கை அல்ல. அந்த மூன்றில் இரண்டு பேர் உயிரிழந்திருக்கிறார்கள். அதனால் சோதனையே வேண்டாம் என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். ஆனால் அதுவே கொள்கையாகிவிட முடியாது என்பதும் இதே பட்டியலிலிருந்து தெரிகிறது.

ஏழு சம்பவங்களையும் இன்னொரு முறை பாருங்கள். வெட்டு எங்கே விழுந்தது என்பதை விட்டுவிட்டு, பகை எங்கே முளைத்தது என்று கேளுங்கள். பாரிமுனையில், பெற்றோருக்கு ஆசிரியை எழுதியனுப்பிய குறிப்பு. பாளையங்கோட்டையில் ஒரு பென்சில். ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு கபடிப் போட்டி. அரும்பாக்கத்தில், எந்தக் கல்லூரிக்கு எந்த பஸ் சொந்தம் என்ற வெட்டிக் கௌரவம். நாங்குநேரியில், சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போகாமலிருந்த பையன் பள்ளியில் கொடுத்த புகார். மல்லிப்பட்டினத்தைத் தவிர மற்றவற்றில் பகை மாணவ வாழ்க்கைக்குள்ளேயே, பெரும்பாலும் பெரியவர்கள் கண்ணெதிரேயே வளர்ந்திருக்கிறது. அருவாள் வந்தது கடைசியில்தான்.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழுவின் அறிக்கையை இந்த இடத்தில் வைத்து எடைபோட வேண்டும். 2024 ஜூன் 18-இல் முதலமைச்சரிடம் கொடுக்கப்பட்ட, 600 பக்கங்களைத் தாண்டிய அறிக்கை அது. பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதியை நீக்குவது, வருகைப் பதிவேட்டில் சாதி தெரியாமல் பார்த்துக்கொள்வது, ஆசிரியர்களையும் தலைமையாசிரியர்களையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் இடமாற்றுவது, வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி, சாதி நிறம் பூசிய சைக்கிள் ஆகியவற்றைத் தடுப்பது, செல்பேசியைத் தடைசெய்வது, 500 மாணவருக்கு மேல் உள்ள பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் நியமிப்பது என்று பரிந்துரைகள் நீள்கின்றன. வெளிவந்ததும் நடந்த சண்டை பெரும்பாலும் கயிற்றையும் பொட்டையும் பற்றியே. மத அடையாளத்தில் கைவைக்கிறார்கள் என்று பா.ஜ.க. எதிர்த்தது, சாதி அடையாளத்தை ஒழிக்கத்தான் என்று மறுபக்கம் பதில் சொன்னது.

இதற்கு முன்னோட்டம் 2019-லேயே நடந்தது. சாதியைக் காட்டும் கயிறுகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வி இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பினார். எதிர்ப்பு கிளம்பியதும் அன்றைய அமைச்சர் கே.ஏ. செங்கோட்டையன் பழைய நடைமுறையே தொடரும் என்று பின்வாங்கினார். ஐந்து ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்திருக்கிறோம்.

அறிக்கையின் அடிப்படை நோக்கு சரியானது என்பதே என் முடிவு. சாதி இந்த வன்முறைக்குப் பின்னணி அல்ல, காரணம். அதை வெளிப்படையாகச் சொல்ல ஓர் அரசுக் குழு துணிந்தது பெரிய விஷயம். தென் மாவட்டப் பிரச்சினை என்று இதை ஒதுக்கும் பேச்சும் அறிவீனம். 2013-இல் சாதிக் கலவரம் நடந்த மரக்காணமும், 2023-இல் சாதித் தகராறில் திரௌபதி அம்மன் கோயில் வாசலுக்குச் சீல் வைத்த மேல்பாதியும் இந்த விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. ஊர்த் தெருவும் காலனியும் பகலில் சேர்ந்து உட்காரும் ஒரே கூரை பல கிராமங்களில் பள்ளிக்கூடம்தான்.

ஆனால் அடையாளங்களைத் தடுக்கும் பரிந்துரைகளுக்கு நான் தரும் மதிப்பெண் குறைவு. கயிற்றைக் கழற்றிய பையனுக்கு யார் எந்தத் தெரு என்பது மறந்துபோகாது. ஸ்ரீவைகுண்டத்தில் பேருந்தை மறித்தவர்களுக்குக் கயிறு பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும் தேவை இருக்கவில்லை. இந்த அறிக்கையில் உயிர் காக்கக்கூடிய பரிந்துரை நல அலுவலர் பற்றியதுதான். அதைப் பற்றி எந்தத் தொலைக்காட்சி விவாதத்திலும் யாரும் கத்தவில்லை.

அடுத்து, வெட்டு விழுந்த பிறகு சட்டம் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். கடுமையான சட்டம் வேண்டும் என்று கேட்பவர்கள் இந்த இடத்தை நிதானமாகப் படிப்பதில்லை. வெட்டியவன் 18 வயதுக்குக் கீழ் என்றால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் வந்துவிடும். அது குற்றங்களைச் சிறியவை, கடுமையானவை, கொடியவை என மூன்றாகப் பிரிக்கிறது. 16 வயது நிரம்பியவனைப் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்ற கேள்வியே கொடிய குற்றத்தில்தான் எழும். கொடிய குற்றம் என்றால் குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டாக இருக்கவேண்டும். கொலை முயற்சிக்கு நம் சட்டத்தில் அப்படிக் குறைந்தபட்சம் கிடையாது. அத்தகைய குற்றம் 'கடுமையானது' என்ற நடுப்படியில்தான் நிற்கும் என்று 2020-இல் ஷில்பா மிட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆக, அருவாளால் வெட்டி, வெட்டுப்பட்டவர் பிழைத்துக்கொண்டால், சிறுவன் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் நிற்பான். கூர்நோக்கு இல்லம், ஆற்றுப்படுத்தல், கண்காணிப்பு, அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறப்பு இல்லம்.

வெட்டுப்பட்ட பிள்ளையின் தாய்க்கு இது எவ்வளவு கசக்கும் என்று எனக்குப் புரிகிறது. அந்தக் கசப்பைப் 'பழிவாங்கும் மனநிலை' என்று ஒதுக்குகிற கருணைவாதிகள் மீது எனக்கு மரியாதை இல்லை. வெட்டுப்பட்டவர் மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்து, பழைய பள்ளிக்குத் திரும்ப முடியாமல் வேறு பள்ளி தேட, வெட்டியவன் திருந்த வாய்ப்பு தரப்படுகிறது என்றால், கணக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. இதைச் சரிசெய்யச் சிறுவர் சட்டத்தை உடைக்கவேண்டியதில்லை. பள்ளியை விட்டு நகரவேண்டியவர் பாதிக்கப்பட்டவர் அல்ல என்பதைக் கல்வித் துறை விதியாக்கினாலே பாதிக் கசப்பு குறையும்.

ஒரு சிறுவன் ஆயுதம் வைத்திருந்தான், இன்னும் யாரையும் வெட்டவில்லை என்ற நிலையைப் பாருங்கள். இதற்குப் புதிய குற்றப் பிரிவு எழுதி மூன்று ஆண்டுவரை தண்டனை வைத்தாலும், சிறுவர் சட்டத்தில் அது 'சிறிய குற்றம்' என்ற படியில்தான் உட்காரும். எப்.ஐ.ஆர். கூடப் போடமாட்டார்கள், நாட்குறிப்பில் எழுதிவிட்டுச் சமூகப் பின்னணி அறிக்கை தயாரிப்பார்கள். புதிய பிரிவால் பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் கிடைக்கும் பலன், செய்தித்தாளில் ஒரு தலைப்பு. அவ்வளவுதான்.

டிசி கொடுத்து அனுப்பிவிடலாமே? பல தலைமையாசிரியர்களின் மனத்தில் இருக்கும் உண்மையான கொள்கை இதுதான். எட்டாம் வகுப்புவரை அதுவும் முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக்கூடாது என்கிறது. 2019-இல் அந்தப் பிரிவைத் திருத்தி, தேர்ச்சி தராமல் நிறுத்திவைக்க அனுமதித்தபோதும் நீக்கத் தடை அப்படியே இருந்தது. பாளையங்கோட்டை மாணவன் எட்டாம் வகுப்பு என்பதை நினைவில் வையுங்கள்.

அமெரிக்காவிடம் கற்கவேண்டியது இங்கேதான் இருக்கிறது. பள்ளியைச் சுற்றிய எல்லைக்குள் துப்பாக்கி வைத்திருப்பதையே மத்தியக் குற்றமாக்கிய அவர்களின் 1990 சட்டம் ஐந்து ஆண்டில் விழுந்தது. சான் அன்டோனியோவில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கைத்துப்பாக்கியோடு பிடிபட்ட லோபஸ் வழக்கில், இது மத்திய அரசின் அதிகாரத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பிறகு சட்டத்தைத் திருத்திக்கொண்டார்கள். அதைவிட ஆழமாக வேரூன்றியது 1994 சட்டம். துப்பாக்கி கொண்டுவரும் மாணவரை ஓராண்டு நீக்க வகைசெய்யாத மாநிலத்துக்கு மத்தியக் கல்வி நிதி கிடையாது என்றது. தனிப்பட்ட சூழலைப் பார்த்துத் தளர்த்தவும் அதில் இடமிருந்தது. பள்ளிகள் தளர்த்தவில்லை, இறுக்கின. துப்பாக்கியில் தொடங்கியது பேனாக்கத்திக்கும் பொம்மைக்கும் பரவியது. இந்தச் 'சகிப்பே இல்லை' கொள்கை பள்ளியைப் பாதுகாப்பாக்கியதாகச் சான்று இல்லை என்று அமெரிக்க உளவியல் கழகத்தின் பணிக்குழு 2008-இல் எழுதியது. வெளியேற்றப்பட்ட பையன் மறைந்துபோவதில்லை. கண்காணிப்பவர் யாருமில்லாத பகல் பொழுதோடு தெருவில் நிற்கிறான். நம்மூரில் அந்தத் தெருவில் அவனை வரவேற்கச் சாதிச் சங்கக் கொடிக்கம்பம் ஒன்றும் தயாராக இருக்கும்.

அதே நாட்டில் இன்னோர் ஆய்வு. குடியரசுத் தலைவருக்குக் காவல் நிற்கும் ரகசியப் பாதுகாப்புத் துறையும் கல்வித் துறையும் சேர்ந்து, 1974 முதல் 2000 வரை நடந்த 37 பள்ளித் தாக்குதல்களையும் அவற்றைச் செய்த 41 பேரையும் ஆராய்ந்து 2002-இல் அறிக்கை தந்தார்கள். நூற்றுக்கு 81 தாக்குதல்களில் குறைந்தது ஒருவருக்காவது முன்பே விஷயம் தெரிந்திருந்தது. தெரிந்தவர்கள் பெரும்பாலும் சக மாணவர்கள். தாக்கியவர்களில் பத்தில் ஏழு பேர் தாங்கள் சீண்டப்பட்டதாகவோ துன்புறுத்தப்பட்டதாகவோ உணர்ந்தவர்கள். ஆயுதம் வேறு, நாடு வேறு என்றாலும் இந்த விஷயம் நமக்குப் புதிதல்ல. கடைசி பெஞ்சில் தெரியாத ரகசியம் எந்தப் பள்ளியிலும் கிடையாது. அதை எடுத்துச்சொல்ல நம்பிக்கையான ஆள் இல்லை என்பதுதான் குறை. சொன்னவன் பெயர் மாலைக்குள் வெளியே வந்துவிடும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். நாங்குநேரி அந்தப் பயத்துக்கு நியாயம் கற்பித்துவிட்டது: புகார் சொன்ன அன்றிரவே வெட்டு விழுந்தது.

18 வயது தாண்டிய கல்லூரி மாணவர்களுக்கும் வெளியாட்களுக்கும் என்ன சட்டம்? இங்கே எனக்கு வேறு முடிவு. 1995 டிசம்பரில் லண்டனில் தன் மாணவனைக் காப்பாற்றப்போன தலைமையாசிரியர் பிலிப் லாரன்ஸ் பள்ளி வாசலில் குத்திக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே பிரிட்டன் தன் 1988 குற்றவியல் சட்டத்தில் 139ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. பள்ளி வளாகத்தில் அலகோ கூர்முனையோ உள்ள பொருளை வைத்திருப்பது குற்றம். வேலைக்காக, பாடத்துக்காக, சமயத்துக்காக, மரபு உடைக்காக, அல்லது வேறு நியாயமான காரணத்துக்காக வைத்திருந்தேன் என்று காட்டினால் குற்றமில்லை. இது அருவாளா, பட்டாக்கத்தியா, விவசாயக் கருவியா என்ற விசாரணைக்கே இடமில்லை. இங்கே எதற்குக் கொண்டுவந்தாய் என்ற ஒரே கேள்விதான்.

நம் மண்ணுக்கு இந்த யோசனை அந்நியமானதல்ல. கி.பி. 866-இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் இன்றைய குமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்களுக்கு ஒரு கல்விச்சாலை நிறுவினான். அதன் செப்பேடு, படிக்கும் சாத்தர்கள் (மாணவர்கள்) ஒருவரையொருவர் வைதால் தண்டம் என்றும், ஆயுதத்தோடு சபைக்கு வரக்கூடாது என்றும் விதிக்கிறது. ஆயுதமே கூடாது என்று சொல்லவில்லை, சபைக்குள் கூடாது என்கிறது. சோழர் கோயில்கள் உள்ள மற்றொரு பிரம்மதேசத்துக்கு அருகே எண்ணாயிரத்தில் முதலாம் ராஜேந்திரன் காலத்தில் 340 மாணவர் படித்த கல்லூரியின் கல்வெட்டு யாருக்கு எவ்வளவு நெல் என்று விரிவாகக் கணக்குச் சொல்கிறது. ஒரு கல்விச்சாலைக்குள் வருகிறவனின் சோறும் நடத்தையும் நிறுவனத்தின் பொறுப்பு என்று அந்தக் காலத்துக்குத் தெரிந்திருந்தது. (அந்தச் சாலைகளுக்குள் எல்லாச் சாதியாரும் நுழைய முடிந்ததா என்று கேட்டால், பழம்பெருமை பேசுகிறவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்.)

விலக்குகள் கட்டாயம் வேண்டும். பள்ளியில் சிலம்பம் கற்றுத்தருகிறார்கள், என்.சி.சி.யில் .22 ரைபிள் சுடப் பழக்குகிறார்கள், விலங்கியல் ஆய்வகத்தில் அறுவைக் கத்தி இருக்கிறது, ஐ.டி.ஐ.யில் உளி இருக்கிறது. சீக்கியரின் கிர்பான் பற்றி நம் அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது. ஒரு மாணவன் கிர்பான் அணிவதை முழுவதுமாகத் தடைசெய்த கியூபெக் பள்ளி நிர்வாகத்தின் முடிவை 2006-இல் கனடா உச்ச நீதிமன்றம் ரத்துசெய்து, உறையோடு உடைக்குள் தைத்து அணியலாம் என்ற வழிக்கு இடம் கொடுத்தது. நியாயமான காரணம் என்ற வாசல் திறந்திருந்தால் இவை எதுவும் சிக்கலாகாது.

இப்படி ஒரு சட்டம் இயற்ற மாநிலத்துக்கு அதிகாரம் உண்டா? ஆயுதம் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் பொது ஒழுங்கும் காவலும் மாநிலத்துடையவை, கல்வி பொதுப் பட்டியலில் இருக்கிறது. ஆயுதத்துக்கு உரிமம் தருவதாக இல்லாமல் கல்வி வளாகத்தின் ஒழுங்காக எழுதினால் நிற்கும் என்பது என் கணிப்பு. இதற்கு வீட்டுக்கு அருகிலேயே முன்மாதிரி இருக்கிறது. 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்டார். அது நடந்த கடலூரும் நமது விழுப்புரமும் அதற்குச் சில ஆண்டு முன்புவரை ஒரே தென்னார்க்காடு மாவட்டம். அந்தக் கொலையின் விளைவாக வந்ததே 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம். புகாரை விசாரிக்கவேண்டிய கடமையை நிறுவனத் தலைவர் மீதே அது சுமத்தியது. அலட்சியம் செய்தால் அவரும் குற்றத்துக்கு உடந்தை என்று கருதச் சொன்னது.

அந்தக் கடைசி வரியில்தான் எனக்கு மறுப்பு இருக்கிறது. கடமை சரி, உடந்தை என்ற மிரட்டல் எதிர்விளைவைத் தரும். தன் தலைக்குக் கத்தி வரும் என்று பயப்படும் தலைமையாசிரியர் இரண்டில் ஒன்றைச் செய்வார்: பையில் கண்டெடுத்ததை யாருக்கும் தெரியாமல் கிணற்றில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார், இல்லையென்றால் உடனே போலீசைக் கூப்பிட்டுத் தன் கையைக் கழுவிக்கொள்வார். இரண்டிலும் பையனோடு யாரும் பேசியிருக்கமாட்டார்கள். பதிவுசெய்யவில்லை என்றால் துறை நடவடிக்கை, பதிவுசெய்தால் அவர் மீது பழி இல்லை என்று எழுதுவதே புத்திசாலித்தனம்.

சோதனை விஷயத்திலும் கை நிதானம் வேண்டும். காரணம் இருக்கும்போது பையைத் திறந்து பார்க்க ஆசிரியருக்கு எழுத்திலான அதிகாரம் தரவேண்டும். மாணவியின் பையை ஆசிரியைதான் பார்க்கவேண்டும், இன்னோர் ஆசிரியர் உடனிருக்கவேண்டும். காலனிப் பிள்ளைகள் வரிசையை மட்டும் சோதிக்கும் பள்ளிக்கூடம் எப்படி நடந்துகொள்ளும் என்பது நமக்குத் தெரியாததல்ல. யாரைச் சோதித்தோம், ஏன் சோதித்தோம் என்ற பதிவேட்டைப் பள்ளி மேலாண்மைக் குழு பார்க்கவேண்டும். சீருடைப் போலீஸ் வகுப்பறைக்குள் வருவதை நான் ஏற்கவில்லை. வளாகத்துக்கு வெளியே, மாலை நாலரை மணி பேருந்து நிலையத்திலும் புறநகர் ரயில் மேடையிலும் அவர்களுக்கு வேலை இருக்கிறது. ஏழு சம்பவங்களில் இரண்டு நடந்தது பேருந்தில். 2008 மோதலுக்குப் பிறகு நீதிபதி சண்முகம் ஆணையம் சொன்னபடி சட்டக் கல்லூரியை 2018-இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் பிரித்து அனுப்பினோம். கட்டடத்தை நகர்த்தப் பத்து ஆண்டு ஆனது. ரூட்டு தல கலாசாரம் அதற்குள் இன்னொரு தலைமுறை மாணவரைப் பிடித்துக்கொண்டது.

ஆக, என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. 18 வயது நிரம்பியவர்களுக்குக் கல்வி வளாகம் சார்ந்த, நியாயமான காரணம் என்ற விலக்கோடு கூடிய மாநிலச் சட்டம் வேண்டும். இன்றிருக்கும் ஆயுதச் சட்டம் அந்த வேலைக்கு உதவாது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் புதிய குற்றமும் வேண்டாம், டிசியும் வேண்டாம். ஆயுதம் கண்டெடுத்த அன்றே பதிவு, பெற்றோர் வருகை, யாருக்காகக் கொண்டுவந்தான் என்ற விசாரணை, அந்த 'யாருக்கு' ஆளான பிள்ளைக்கு உடனடிப் பாதுகாப்பு என்ற நடைமுறை கட்டாயமாகவேண்டும்.

இதையெல்லாம் செய்யப்போவது யார்? பாடம் நடத்தி, எமிஸ் இணையதளத்தில் தகவல் பதிவேற்றி, தேர்தல் பணிக்கும் போகும் ஆசிரியர் அல்ல. சந்துரு குழு சொன்ன நல அலுவலர்தான். அவருக்கு 500 மாணவர் என்று எல்லை போட்டதைத்தான் அந்த அறிக்கையின் பெரிய ஓட்டையாகப் பார்க்கிறேன். மரக்காணம் ஒன்றியம் போன்ற இடங்களில் பல உயர்நிலைப் பள்ளிகள் அந்த எண்ணிக்கைக்குக் கீழே நிற்கும். ஊரும் காலனியும் நேருக்கு நேர் உட்காரும் பள்ளிகள் அவைதான். நான்கைந்து சிறிய பள்ளிகளுக்குச் சேர்த்து ஒருவர், அந்தப் பள்ளிகள் எதற்கும் சொந்தமில்லாத வெளியூர்க்காரர், வாரத்தில் ஒரு நாள் ஒவ்வொரு பள்ளியிலும் தனி அறையில் உட்காருபவர், பிள்ளை சொன்னதைத் தலைமையாசிரியரைத் தாண்டி மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதும் உரிமை உள்ளவர். இப்படி ஒரு பணியிடத்துக்கு அரசாணையும் நிதி ஒதுக்கீடும் வந்த பிறகு கயிற்றைப் பற்றிப் பேச வாருங்கள்.